நான்காவது துவாய்

கப்பலில் தந்த துவாய்கள் நான்கு.
நீலக் கரை, மூலையில் இலக்கம்.
ஒன்று தொலைந்தால் இருபத்தைந்து டொலர்
என்ற அட்டையில் நான்தான் கையெழுத்திட்டேன்.

காங்கேசன்துறையில் காலை ஏழுக்கு இறக்கினார்கள்.
ஐந்துக்குள் திரும்பவேண்டும்.
மற்றவர்கள் கோயில் பார்க்கப் போக
நாங்கள் யூட்டின் வானில் ஏறினோம்.
"கடலுக்கோ? இஞ்சையே கடல் இருக்குத்தானே" என்றார்.
தர்மினி யன்னல் பக்கம் நகர்ந்து இருந்தாள்.

பரந்தனில் மாலுபாண் வாங்கினோம்.
கப்பலின் சறுக்குமரத்தை நினைத்துப் பிள்ளைகள்
வழி முழுக்க முகத்தை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.
ஐந்து வயதில் கொழும்பிலிருந்து வெளிக்கிட்டவன் நான்.
வன்னி எனக்குத் தொலைக்காட்சியில் வந்த ஊர்.
வட்டுவாகல் பாலம் தெரிய முன்னமே
"இஞ்சாலை நிப்பாட்டுங்கோ" என்றாள்.
யூட் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.
பாட்டை நிறுத்தினார்.

கரையில் கவிழ்த்த படகு இரண்டு,
அதன் நிழலில் ஒரு நாய்.
குடை இல்லை, சாய்கதிரை இல்லை,
கலர் கலராய்க் குடிக்கக் கொண்டுவரும் பெடியன் இல்லை.
துவாய்களைக் காற்று கிளப்ப
மூலைக்கொரு செருப்பு வைத்தேன்.
இராவணன் மீசை உருண்டு ஓடியது.
பெயரைக் கேட்டு நிதுலன் விழுந்து விழுந்து சிரித்தான்:
"அவருக்குப் பத்துத் தலையெல்லோ, அப்ப எத்தினை மீசை?"
அதோடு அது நல்ல நாளாகிவிட்டது.

"முழங்காலுக்கு மேலை இறங்காதேங்கோ,
இது குளிக்கிற கடலில்லை" என்றார் யூட்.
ஆகவே பிள்ளைகள் மண்ணுக்குத் திரும்பினார்கள்.
கோட்டை கட்டத் தொடங்கியது
கிடங்காக முடிந்தது.

கடலுக்கு முதுகு காட்டி இருந்தவள்
எழும்பி வந்தாள்.
"இப்பிடி நேரா வெட்டினா இடியும்.
சரிச்சு வெட்டு.
மண்ணைத் தூர எறியாதை, விளிம்பிலை குவி.
இந்தப் பக்கம் உயத்து."
"ஏன் அந்தப் பக்கம்?" என்றாள் ஆரபி.
தர்மினி கேளாதவள்போல் குனிந்து
கையால் வாரத் தொடங்கினாள்.
பன்னிரண்டு வருடக் கலியாணத்தில்
அவள் எதையும் இத்தனை வேகமாய்ச் செய்து
நான் கண்டதில்லை.
முழங்கையை வைத்து அளந்தாள்.
"காணும். இன்னும் ஒரு சாண் போனா தண்ணி ஊறும்."
நம்பாமல் நிதுலன் ஒரு சாண் தோண்டினான்.
ஊறியது.
"அம்மா மஜிக்!" என்று கத்தினான்.

ஊறிய ஈரத்தின் மேல்
நான்காவது துவாயை விரித்தாள்.
பிள்ளைகள் குதித்தார்கள்.
"வாங்கோ அம்மா, இடமிருக்கு."
ஒருமுறை வானத்தைப் பார்த்தாள்.
இறங்கினாள்.
ஒரு பெரிய ஆள் அவ்வளவு சிறிதாய் மடங்கலாம் என்று
எனக்குத் தெரியாது.
நிதுலனின் தலை அவள் நாடிக்குக் கீழே
சரியாகப் பொருந்தியது.

நானும் இறங்கினேன். முழங்கால் இடித்தது.
இடம் போதாது என்றேன்.
"எங்கடையில எட்டுப் பேர்" என்றாள்,
அறையின் அளவு சொல்வதைப்போல.
எங்கள் கலியாணத்துக்கு அவள் பக்கத்தால் வந்தது
பரிசிலிருந்து ஓர் அக்கா மட்டும்.
மாலுபாணைப் பிய்த்துத் தந்தாள்.
எல்லாருக்கும் வாயில் மண் நறநறத்தது.
ஆரபிக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை.

யூட் கோண் அடித்தார்.
கிடங்கை நாய்க்கு விட்டுவிட்டுப் போவோம் என்றான் நிதுலன்.
"இல்லை, மூடவேணும்."
நால்வரும் காலால் மண் தள்ளினோம்.
அடியில் நீலக் கரை தெரிந்தது,
இலக்கம்கூட வாசிக்க முடிந்தது.
கை எட்டுகிற தூரம்தான்.
நானும் தள்ளினேன்.

கப்பலில் எண்ணிப் பார்த்தவள் "மூன்று" என்றாள்.
"எழுதுங்கோ" என்றேன் தமிழில்.
பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

விளக்கு ஏற்றிய பிறகு சறுக்குமரத்தில்
நிதுலன் பதினொரு தரம் சறுக்கினான்.
கீழே கைப்பிடியைப் பிடித்தபடி நின்ற அவள்
ஒவ்வொரு தரமும்
அவன் வந்து சேர்ந்த பிறகே
எண்ணைச் சொன்னாள்.